ரூம்மேட் இருமுறானா?

பாஸ், உங்க ஹாஸ்டல் ரூம்லயும் ஒருத்தன் லொக்கு லொக்குனு இருமிட்டே இருக்கானா? எங்க ரூம்ல இருந்தான். மூணு வாரம்! 'செமஸ்டர் முடியட்டும்டா'னு சிரப்பிலேயே ஓட்டினான். கடைசியில நாங்கதான் அரசு மருத்துவமனைக்கு இழுத்துட்டுப் போனோம். டி.பி.!

ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா சளி டெஸ்ட் எடுத்துடணும். ஜீன்எக்ஸ்பர்ட் மெஷின் சுமார் 2 மணி நேரத்துல கிருமி இருக்கா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமானு சொல்லிடும். நம்ம லேப் ரெக்கார்டுல கையெழுத்து வாங்கவே அதைவிட லேட்டாகும்! டெஸ்ட், மாத்திரை எல்லாமே இலவசம்.

வீட்டுல சொல்லத்தான் பயந்தான். தனித்தட்டு வெச்சுடுவாங்களாம். அட, வீட்டுல இருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியம் அளவுக்குக் குணமாகும், கூட இருக்கறவங்களுக்கு ஆபத்து கூடாதுனு காட்டினதே நம்ம சென்னை ஆய்வுதான். 1959-ல!

புதுசு எதுன்னா, 2023-ல 'லான்செட்' இதழ்ல வந்த ஜார்க்கண்ட் ஆய்வு. நோயாளியோட குடும்பத்துக்கும் ஆளுக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. நோயாளிக்கு மட்டும் கொடுத்த வீடுகளைவிட இங்கே புதுசா டி.பி. வந்தது 39 சதவிகிதம் கம்மி. சோறும் பருப்பும்தான் பாஸ்!

எங்களுக்கும் எக்ஸ்ரே எடுத்தாங்க, கிளியர். அவனுக்கு ஆறு மாச கோர்ஸ்ல இது மூணாவது மாசம். ரெண்டு கிலோ ஏறியிருக்கான், பாதி என் முட்டையில!