குலத்தொழில் திட்டத்தில் புதியவருக்கு இடமுண்டா?

கொல்லுப் பட்டறை வேலையை ஒருவர் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? நம் ஊர்களில் இதற்கு நெடுங்காலமாக ஒரே பதில்தான்: கொல்லர் வீட்டில் பிறக்க வேண்டும். 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் இந்தப் பதிலை மாற்றவில்லை. அதற்கு அரசு முத்திரை குத்திக் கொடுத்தது.

13,000 கோடி ரூபாய், 18 தொழில்கள். அவற்றில் கொல்லர் வேலையும் ஒன்று. சேர்வதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடும்ப வழிப் பாரம்பரியத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள். நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை.

சம்மட்டியைத் தொட்டே பார்க்காத ஒருவர் ஏழு நாளில் என்ன கற்க முடியும்?

முதல் பாடம் நெருப்பில் நிறம் பார்ப்பது. மங்கிய சிவப்பில் அடித்தால் இரும்பு இணங்காது. ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பழுக்கும்போது களிமண் போல இளகும். வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று பொருள். வெயிலில் இந்த நிறங்கள் ஏமாற்றும். அதனால்தான் உலை நிழலில் இருக்கிறது. அடுத்து, கம்பியை அடித்து நீட்டுவது, முனையைத் தடிக்க வைப்பது, வளைப்பது, துளையிடுவது, வெட்டுவது. கொக்கி முதல் அரிவாள் வரை பெரும்பாலானவை இவற்றின் சேர்க்கைதான்.

கடைசியில் தோய்ச்சல். எஃகைக் காந்தம் ஒட்டாத அளவுக்கு, சுமார் 770 டிகிரி செல்சியஸுக்கும் சற்று மேலே, சூடாக்கி நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால் கடினமாகும். ஆனால் கண்ணாடி போல உடையும். துலக்கிவிட்டு மெதுவாக மறுபடி சூடேற்றினால் 220, 230 டிகிரியில் வைக்கோல் நிறம் படரும்; 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகும். எந்தக் கருவிக்கு எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதுதான் தலைமுறை தலைமுறையாகக் காத்த ‘ரகசியம்’. இதில் எது இரத்தத்தில் வருகிறது? கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் பழக்கம் வேண்டும்; பொறுமையாகச் சொல்லித்தர ஆள் வேண்டும்; அவ்வளவுதான்.

ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பு இரண்டு ஆண்டு. அங்கே பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கேட்கிறார்கள், இடஒதுக்கீடு தருகிறார்கள். அப்பா என்ன வேலை செய்தார் என்பது அங்கே தகுதியல்ல. அதே இரும்புக்கு அங்கே இரண்டு ஆண்டு, இங்கே ஏழு நாள் என்றால் மீதியை எங்கே கற்றார்கள்? அப்பாவின் பட்டறையில், சிறு வயதிலேயே கற்றிருப்பார்கள் என்று திட்டம் எடுத்துக்கொள்கிறது. பிள்ளை உழைப்பைப் பள்ளிக்கூடமாகக் கணக்கில் கொள்ளும் ஏற்பாடு இது. கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய 18 வயதில் கடன் கொடுத்து உலைக்கு முன்னால் உட்கார வைக்கிறது.

1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பார்க்கச் சொன்னார். பெரியார் தலைமையில் தமிழ்நாடு கொதித்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்த நினைவிலிருந்துதான் தமிழ்நாடு அரசு விஸ்வகர்மா திட்டத்தை ஏற்க மறுத்து, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழில் நிபந்தனை இல்லை, குறைந்தபட்ச வயது 35. படிக்கும் பிள்ளையை இழுக்காத நல்ல மறுமொழி. ஆனால் அதுவும் ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கானது. உலை பக்கமே போகாத வீட்டிலிருந்து வரும் இளைஞருக்கான கதவு இன்னும் திறக்கவில்லை.

நம் பக்கமும் ஒரு சிக்கல் இருக்கிறது. குலத்தொழிலை எதிர்க்கும் வேகத்தில் கைத்தொழிலையே கீழாகப் பேசிவிடுகிறோம். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களை மேல்கீழாகப் பிரித்தது என்று 1936லேயே அம்பேத்கர் விளக்கினார். எதிரி அந்தப் பிரிவினைதான், சம்மட்டி அல்ல. யூடியூப் பார்த்து வார இறுதியில் கத்தி அடிக்கும் மென்பொருள் பொறியாளர் ‘கலைஞர்’ ஆகிறார். சாலையோரக் கூடாரத்தின் முன் சம்மட்டி ஓங்கும் நாடோடிச் சமூகப் பெண்ணுக்கு அந்தப் பெயர் கிடைப்பதில்லை. வேலை ஒன்றுதான், மரியாதை மட்டும் ஆளைப் பார்த்து மாறுகிறது.

எனவே கோரிக்கை எளிமையானது. அரசு ஐடிஐகளில் பட்டறை வேலைக்கு முழுமையான படிப்பு வேண்டும். இடஒதுக்கீடும் உதவித்தொகையும் பெண்களுக்கான இடங்களும் வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்புக் கருவிகள் வேண்டும். இன்று உலையோடு மல்லுக்கட்டும் கொல்லர்களை மாதச் சம்பளத்தில் ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். அவர்களின் அறிவுக்கு ஊதியமும் கிடைக்கும், பிள்ளைகளுக்கு விடுதலையும் கிடைக்கும்.

கொல்லர் மகள் மருத்துவம் படிக்கட்டும். தூய்மைப் பணியாளரின் மகள் விரும்பினால் தோய்ச்சல் கற்று, தன் பெயரில் பட்டறை போடட்டும். இந்த இரண்டுக்கும் வழிவிடாத எந்தக் கைத்தொழில் திட்டமும் குலத்தொழில் திட்டம்தான்.