ஹீமோகுளோபின் 18: சந்தோஷப்பட வேண்டிய எண்ணா?

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் பொம்மை வார்ப்பவர்களுக்குப் பக்குவம் அத்துப்படி. அச்சில் ஊற்றும் களிமண் கூழ் ரொம்பக் கெட்டியானால் மூலைமுடுக்குக்கு ஓடாது. ரத்தத்துக்கும் அதே கதைதான்.

ஹெல்த் செக்கப்பில் ஹீமோகுளோபின் 18 என்று வந்தால், ‘செம ஹெல்தி’ என்று ரிப்போர்ட்டை மூடி வைப்பவர்கள் உண்டு. ஆண்களுக்கு 16.5, பெண்களுக்கு 16 என்ற அளவைத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். புகைபிடித்தல், குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை, நீர்ச்சத்துக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். சிலருக்கு அது ‘பாலிசைதீமியா வேரா’ என்ற ரத்தப் புற்றுநோய்.

என்ன நடக்கிறது?

எலும்பு மஜ்ஜை, பிரேக் இல்லாத வண்டி மாதிரி சிவப்பணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். சுமார் 95 சதவீத நோயாளிகளிடம் இருக்கும் ஜாக்2 மரபணு மாற்றம் 2005-ல் கண்டறியப்பட்டது.

ரத்தம் கெட்டியாகி மெதுவாக ஓடும். கூட்டமாக நகரும் சிவப்பணுக்கள், தட்டணுக்களை ரத்தக்குழாய்ச் சுவர் பக்கம் தள்ளும். கால், மூளை, இதயம், ஏன், கல்லீரல் நாளத்தில்கூட ரத்தக்கட்டி உருவாகலாம்.

ரத்தக்கசிவும் வருமா?

வரும். தட்டணுக்கள் 10 லட்சத்தைத் தாண்டினால், உறைதலுக்குத் தேவையான வான் வில்லிபிராண்ட் புரதத்தை அவையே உறிஞ்சிவிடும். அந்த நிலையில் ஆஸ்பிரின் ஆபத்தாகலாம்.

டெஸ்ட்டே ஏமாற்றுமா?

உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. டெஸ்ட்டில், உறைதலைத் தூண்ட சில ஆய்வகங்கள் சேர்ப்பது கயோலின். பீங்கானுக்கு அடிப்படையான அதே வெள்ளைக் களிமண்தான்!

ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் இடத்தின் அளவு ஹீமடோக்ரிட். அது 55 சதவீதத்தைத் தாண்டினால் குழாயில் பிளாஸ்மா குறைந்து, உறையவிடாத சிட்ரேட் மிஞ்சிவிடும். சிட்ரேட் அளவை மாற்றாவிட்டால், கட்டி கட்டக்கூடிய ரத்தமும் ‘தாமதமாக உறைகிறது’ என்று ரிசல்ட் வரலாம்.

சிகிச்சை?

அவ்வப்போது ரத்தம் எடுத்து ஹீமடோக்ரிட்டை 45 சதவீதத்துக்குக் கீழே வைப்பது, குறைந்த அளவு ஆஸ்பிரின், தேவைப்பட்டால் மாத்திரை. 2013-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், 45 முதல் 50 வரை விட்டுவைத்தவர்களுக்கு இதயநோய் மரணமும் பெரிய ரத்தக்கட்டியும் சுமார் 4 மடங்கு அதிகம்.

குளித்தபின் அரிப்பு, முகச்சிவப்பு, விரல் எரிச்சல், ஓயாத தலைவலி இருந்தால் ரத்தவியல் நிபுணரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் குறைந்த எண்ணுக்குப் பதறுகிற அதே அக்கறை, கூடிய எண்ணுக்கும் வேண்டும்.