ஜெபமும் பாட அட்டவணையும்: வீட்டுக் கல்வி குறித்து எங்கள் நிலைப்பாடு

கோப்பாய், இருபாலை, நீர்வேலிப் பகுதிகளில் வாழும் கிறிஸ்தவப் பெற்றோர் கூடிப் பேசி இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கலாமா என்று எங்களிடம் கேட்கும் குடும்பங்கள் கூடிவருகின்றன. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள சொந்தக்காரர் செய்வதைப் பார்த்துக் கேட்பவர்களும் உண்டு; பிள்ளையின் நோய் காரணமாக வேறு வழியின்றிக் கேட்பவர்களும் உண்டு. ஆண்டவர் நடத்துவார், அட்டவணை எதற்கு என்று சொல்பவர்களும் இவர்களுக்குள் இருக்கிறார்கள். எங்கள் பதில் இது: ஜெபிக்கிற வீடு பாடத்திட்டத்தையும் எழுதவேண்டும். எழுத மனமில்லாத வீடு வீட்டுக் கல்வியைத் தொடங்கக் கூடாது.

முதலில் சட்டம். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். ஒன்ராறியோவிலும் இங்கிலாந்திலும் வீட்டுக் கல்விக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஜேர்மனியில் இல்லை, அங்கே கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கை 2006இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆகவே விசுவாசத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தும்படி நாங்கள் எவருக்கும் ஆலோசனை சொல்லமாட்டோம். நோயோ இயலாமையோ காரணமானால், அதிபரோடும் வலயக் கல்வி அலுவலகத்தோடும் பேசிவிட்டே தொடங்கவேண்டும்.

வீட்டில் படிப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது, மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டுக் காலத்தின் ஜாம் போத்தல் விளக்கில் தாய்மார் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது மறுபடியும் வீடே வகுப்பறையானது. இரண்டு காலத்திலும் ஜெபம் குறையவில்லை. ஆனால் இன்று எதைப் படிப்பது, நாளை எதைப் படிப்பது என்று ஒருவர் பொறுப்பெடுத்த வீட்டில்தான் பிள்ளை பின்தங்காமல் தப்பியது.

உடல்நலக் குறைவால் வீட்டில் படிக்கும் ஒரு தரம் 6 பிள்ளையின் கொப்பியை அண்மையில் பார்த்தோம். தாய் கோடிழுத்து நிரல் பிரித்திருந்தார். வேத வாசிப்பு நிரலில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. தமிழும் வரலாறும் பரவாயில்லை. கணித நிரல் மட்டும் பின்னங்கள் தொடங்கிய கிழமையிலிருந்து வெறுமையாகக் கிடந்தது. தாய்க்குப் பின்னம் பிடிபடவில்லை. அதற்காகத் தினமும் ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்த ஜெபத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வெறும் நிரலை எவருக்காவது காட்டியிருந்தால், அவர்களுடைய சபையிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை அப்போதே வந்திருப்பார். இப்போது செவ்வாய்தோறும் வருகிறார். எங்கே உதவி வேண்டும் என்பது அந்தக் கொப்பியில்தான் தெரிந்தது.

வேதத்தில், இடிந்த எருசலேம் மதிலைக் கட்டப் புறப்பட்ட நெகேமியா நாட்கணக்கில் உபவாசித்து ஜெபித்தார். அரசன் கேட்டபோது எத்தனை காலம், எந்த மரம், யாருக்குக் கடிதம் என்று உடனே சொல்லக்கூடிய ஆயத்தத்தோடும் நின்றார். எதிரிகள் எழுந்தபோது ஜெபமும் செய்தார், காவலும் வைத்தார். ஒன்றைச் செய்ததால் மற்றதை விடவில்லை.

1814இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த வெஸ்லியன் மிஷனின் வேரைத் தேடினால் சுசன்னா வெஸ்லி என்ற தாயிடம் போய் நிற்போம். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, ஏறக்குறைய பாதிப்பேரைப் பறிகொடுத்தவர். மிஞ்சியவர்களுக்கு ஐந்து வயது நிறைந்ததும் எழுத்துக் கற்பித்தார். நாளுக்கு ஆறு மணி நேரம் வீட்டுப் பள்ளி. கிழமையில் ஒரு மாலை ஒவ்வொரு பிள்ளையோடும் தனியே இருந்து, அதன் ஆத்துமாவைப் பற்றிப் பேசினார். வியாழன், பின்னாளில் அந்த மிஷனுக்குப் பெயர் தந்த மகன் ஜோனுடைய நாள். பிள்ளையோடு பேசுவதற்குக்கூட நாள் குறித்து வைத்த அந்த ஒழுங்கை அன்பில்லாத ஒழுங்கு என்று யாரால் சொல்லமுடியும்?

மறுபக்கத் தவறும் எங்களுக்கு அதே அளவு கவலை தருகிறது. விடிகாலையிலிருந்து இரவு வரை பாடமும் டியூசனும் நிரம்பிய வீட்டில், சப்பாத்துப் போடும் நேரத்தில் சொல்லி முடிக்கும் ஒரு வரிதான் ஜெபம். புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டென்றால் ஞாயிறு ஆராதனையும் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைக்குப் படிப்பு மட்டுமே தெரியும். அழவும் நன்றி சொல்லவும் இடம் தெரியாது. அட்டவணையில் ஜெபத்துக்கென்று நேரம் இருக்கவேண்டும். அதை விழுங்க எந்தப் பாடத்துக்கும் அனுமதி இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் மரணம் என்றால் அட்டவணையை மாற்றவும் துணிவு வேண்டும்.

எனவே நாங்கள் கேட்பவை: வீட்டில் படிப்பிக்கும் பெற்றோர் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியையும் அரச பாடநூல்களையும் வைத்தே தவணைத் திட்டம் எழுதவேண்டும். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அதைக் காட்டவேண்டும். சபைகள் கிழமை நாட்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களை இந்தப் பிள்ளைகள் கூடிப் படிக்கத் திறந்துவிடவேண்டும்.

போதகர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பெறுபேறு வந்த ஞாயிறுகளில், படிக்காமல் ஜெபத்தாலேயே சித்தியடைந்தேன் என்ற சாட்சிகளுக்கு மேடை கொடுக்காதீர்கள். ஜெபித்தும் படித்தும் சித்தியடையாத பிள்ளை அதே வாங்கில் உட்கார்ந்து கேட்கிறது; தன் ஜெபத்தில்தான் குறை என்று நினைத்துவிடுகிறது. எங்கள் பெற்றோர் கூட்டங்களில் அத்தகைய சாட்சிகளுக்கு இனி இடமில்லை. அந்த நேரத்தை, சித்தியடையாத பிள்ளைகளின் பெற்றோரோடு உட்கார்ந்து அடுத்த தவணையைத் திட்டமிடப் பயன்படுத்துவோம்.