மெருகேற்றிய படமும் மறைந்துபோகும் தடயமும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ரயில் ஓடுவதில்லை. ஆயினும், பழைய ரயில் பாலம் ஒன்றின் நிலக்காட்சிப் படத்தைக் கணினியில் எந்த எல்லை வரை திருத்தலாம் என்னும் வினாவுக்கு அத்தீவுகளின் தென்முனை தெளிவான விடை தருகிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்தது. கரையில் நின்றிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. அதே நிலநடுக்கத்தில் வட அந்தமானின் கரைகள் உயர்ந்து, பவளப்பாறைகள் நீர்மட்டத்துக்கு மேலே வந்தன. இந்திரா முனையின் படத்தில் நீர்க்கோட்டை அழித்து மணற்கரையை நிரப்பினால் காட்சி அழகாகும். நிலம் தாழ்ந்த செய்தியோ மறைந்துவிடும்.

பாம்பனின் பழைய ரயில் பாலம் இன்று இத்தகைய நிலையில்தான் இருக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட அப்பாலம் 1964 டிசம்பர் புயலில் சிதைந்து, 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. 2007இல் அகலப் பாதைக்கு மாறியது. 2022 டிசம்பரில் அதன்மீது ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று அதன் அருகிலேயே செங்குத்துத் தூக்குப் பாலம் திறக்கப்பட்டது. பணி முடிந்த ஒரு கட்டுமானத்துக்கு எஞ்சுவன வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. எனவே அப்படங்களைத் திருத்துவது ரசனை சார்ந்த செயல் மட்டுமன்று. வரலாற்று மூலத்தைக் கையாளும் செயலுமாகும்.

திருத்தம் என்பதே தவறு எனக் கூறுவது பொருந்தாது. பளபளக்கும் கடலையும் உத்தரங்களின் அடிநிழலையும் ஒரே படத்தில் விழி காண்பதுபோல் கேமரா பதிவதில்லை. நிழலைச் சற்று வெளுக்கச் செய்தால் இணைப்புத் தகடுகளும் தறையாணிகளும் புலப்படும். சாய்ந்த தொடுவானத்தை நேராக்குவதும், வில்லையால் வளைந்த கோட்டை நிமிர்த்துவதும், கடற்புகைமூட்டத்தைக் குறைப்பதும் கருவியின் குறையைப் போக்குகின்றன. அங்கு இருந்தது தெளிவாகிறது, இல்லாதது புகுவதில்லை.

துருவின் நிறத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ வேறு வகை. உப்புக்காற்றில் ஒரு நூற்றாண்டு நின்ற எஃகின் அரிப்பை ஆராய்பவருக்கு அந்தச் செம்பழுப்பே தரவு. சாலைப் பாலத்தையும் புதிய பாலத்தையும் அழித்து, பழைய பாலத்தைத் தனித்து நிற்கச் செய்தால் படத்தின் காலமே பொய்யாகிறது. 1988க்குப் பின் எடுத்த படம் அதற்கு முந்தையதாகத் தோன்றும். நின்றுபோன பாதையில் ஒரு ரயிலை ஒட்டினாலும் இதுவே விளைவு. புயல்மேகத்தை ஒட்டுவது இன்னும் கடுமையானது. 1964இன் நினைவைச் சுமக்கும் அவ்விடத்தில் அது நிகழாத வானிலைக்குச் சாட்சி சொல்கிறது.

ஒளிப்படக்கலை என்றுமே தூய சாட்சியாக இருந்ததில்லை என்னும் மறுப்பில் உண்மை உண்டு. கடலையும் வானையும் ஒருங்கே பதிவு செய்ய அக்காலத் தகடுகளால் இயலாததால், பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே இரு எதிர்ப்படிகளை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். சுவரில் மாட்டும் கலைப்படைப்புக்கு அவ்வுரிமை இன்றும் உண்டு. அதே படம் விளக்கமின்றி ஆய்வேட்டுக்குள் நுழையும்போதுதான் சிக்கல் எழுகிறது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியின் விதிகள் ஒளியையும் வண்ணத்தையும் அளவோடு சீராக்க இடம் தருகின்றன. காட்சியில் ஒன்றைச் சேர்ப்பதையோ நீக்குவதையோ ஏற்பதில்லை. கல்விப்புலமும் இதே கோட்டை வரைவது தகும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கேமரா தந்த மூலக்கோப்பைத் திருத்தாமல் தனியே காக்க வேண்டும். எடுத்த நாள், இடம், திசை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். செய்த திருத்தத்தைப் படத்தின் கீழ் ஒரே வரியில் சொல்ல வேண்டும். வரலாறு, பொறியியல், புவியியல் துறைகள் மேற்கோள் முறையைக் கற்பிக்கும் வகுப்பிலேயே இதையும் கற்பிக்கலாம். பாம்பனின் எஃகு கடலைவிட்டு அகன்ற பின், அது எங்கே எவ்வளவு அரித்திருந்தது எனக் கேட்கும் மாணவருக்கு அந்த ஒரு வரியும் அந்த மூலக்கோப்பும் மட்டுமே விடை கூற இயலும்.