ஒன்றையே நம்பலாகாது

நீலகிரியில் வாழும் நமக்கு மின்சாரமென்றால் அருவியே நினைவிற்கு வரும். 1932-ஆம் ஆண்டு முதல் பைக்காரா நீரின் விசை கோயமுத்தூர் ஆலைகளையும் இயக்கிற்று. ஆயின், அருவியும் ஆறும் இல்லாத கடல்சூழ் ஊர்கள் யாது செய்யும்?

யாழ்ப்பாணக் கடலிலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிற்கும் இந்தியாவின் கொடையால் 2024-இல் ஒப்பந்தமான திட்டம் இதற்கு நல்விடையாகும். கதிரவனால் 1,700 கிலோவாட், காற்றால் 530 கிலோவாட். மிகுதியைச் சேமிக்க மின்கலங்கள். யாவும் சோர்ந்துழி டீசல் பொறி. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலே இவ்வமைப்பின் உயிர்.

நம் மலையிலோ, பெருமின்நிலையங்கள் அருகிருந்தும், ஆடி மழையில் மரம் வீழ்ந்து கம்பி அறுந்தால் சிற்றூர்கள் இருளில் மூழ்குகின்றன. இவற்றிற்கும் தமக்கென ஓர் அமைப்பு வேண்டாவோ? வெயிலற்ற அந்நாட்களில் கதிர்த்தகடு மட்டும் போதாது. அப்போது பெருகும் ஓடையையும் உடன்சேர்த்தல் வேண்டும். ஓடை வற்றும் கோடையில் கதிரவன் கைகொடுப்பான். ஆண்டின் மிகக் கொடிய வாரத்தை எண்ணி அமைப்பதே அறிவுடைமை.

அறிவியல் பயிலும் தோழர்காள்! ஏட்டில் கணக்கை முடிக்குமுன், அத்தகைய சிற்றூர் ஒன்றில் ஒரு மழைக்காலம் தங்கிப் பாருங்கள்.