ஓலையும் இலையும்



கல்வராயன் மலையிலிருந்து இளம் தம்பதியர் இருவர் என்னைக் காண வந்திருந்தனர். முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த முதற்குழந்தையை அவர்கள் அடக்கம் செய்து ஓராண்டு ஆகிறது. "சாமி, இது நான் செய்த பாவமா?" என்று அப்பெண் கேட்டாள். "இல்லையம்மா" என்றேன். அவளுக்குக் கூறியவற்றையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. தான் கருவுற்றிருப்பதைத் தாய் உணருமுன்பே அவ்வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்கு இன்றியமையாத சத்து ஃபோலிக் அமிலம். இலத்தீனில் 'ஃபோலியும்' என்றால் இலை; 1941ஆம் ஆண்டில் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் இப்பெயர். அதற்கும் முன்னரே, 1928 முதல் பம்பாயிலும் நமது குன்னூரிலும் ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளின் ஒருவகை இரத்தசோகை ஈஸ்ட் சாற்றினால் நீங்குவதைக் கண்டறிந்தார். அதிலிருந்ததும் இச்சத்தே.

இக்குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார், கருத்தரிக்குமுன்பே இம்மருந்தை உட்கொண்டால், மீண்டும் அவ்வாறு நேர்வது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறையும் என்பதை 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு மெய்ப்பித்தது. எல்லாக் குறைகளையும் இது தடுத்துவிடாது. ஆயினும் தடுக்கக்கூடியதை நாம் ஏன் தவறவிட வேண்டும்?

மரவள்ளியும் வெள்ளையரிசியும் வயிற்றை நிரப்பும். இச்சத்தைப் போதிய அளவு தாரா. முருங்கை, அரைக்கீரை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவை தரும். கீரையைக் கழுவியபின் நறுக்குங்கள், அளவான நீரில் சிறிது நேரமே வேகவையுங்கள், அந்நீரைக் கொட்டிவிடாதீர்கள்.

எனினும் உணவு மட்டும் போதாது. குழந்தையை எதிர்நோக்கும் பெண், கருத்தரிக்குமுன்பிருந்தே 12ஆம் வாரம்வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும். நான்காம் மாதம் முதல் அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையிலேயே இது சேர்ந்துள்ளது. முன்பு இக்குறை நேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ பத்து மடங்கு தேவை. அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்களும் அவரிடம் முன்னதாகவே கேட்கட்டும்.

"உண்டானபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் மாமியார்களே, அப்போது காலம் கடந்திருக்கும்! கோவிலில் திருமண ஓலை வாசிக்கும் நாளிலேயே மணப்பெண்ணைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பட்டுப்புடவை எடுக்கும் அக்கறையில் சிறு பங்கு இதற்கும் இருக்கட்டும்.