எண்ணோடு செடியும் வேண்டும்

கார்னாய் கரைசலில் இருந்த வேர் நுனியை எடுத்து, ஒரு சொட்டு அசெட்டோகார்மைனில் வைத்து, ஸ்பிரிட் விளக்கின் மேல் லேசாகச் சூடு காட்டுகிறோம். மூடுவில்லையின் மேல் ஒற்றுத்தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறோம். வில்லை மயிரிழை நகர்ந்தால் போதும், காலை நேர உழைப்பு வீண். இத்தனை பாடுபட்டு எண்ணியதைக் காகிதத்தில் எழுதும்போது நம்மில் பலர் ஒன்றை மறந்துவிடுகிறோம்: அந்த வேர் எந்தச் செடியினுடையது?

எ.க. ஜானகி அம்மாளின் வாழ்வை இதற்காகவே நினைவூட்ட விரும்புகிறேன். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர். 1930களில் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அவர் கையில் எடுத்தது கரும்பும் அதன் காட்டு உறவான நாணலும். ஆலைக்கரும்பின் மூதாதையான தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம்கள். நாணலுக்கோ ஒரே இனப்பெயருக்குள் 40 முதல் 128 வரை உண்டு; கோவை வட்டாரச் செடிக்கு 64. இடத்தைச் சொல்லாமல் ‘நாணல், 64’ என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணால் யாருக்கு என்ன பயன்? எண் மாறும் இடத்தில்தான் செடி பரவிய வழியும் கலந்த கதையும் இருக்கின்றன.

அந்தப் பார்வையோடுதான் அவர் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிலையத்தில் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945இல் வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்ச்சிசின் இட்டுப் பன்மடியச் செடிகளை வளர்த்தார். வெண்பூ பூக்கும் மக்னோலியா ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நேரு அழைத்ததும் திரும்பிவந்து, இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். நுண்ணோக்கியில் பழகிய ஒருவரிடம் வகைப்பாட்டியலைச் சீரமைக்கும் பொறுப்பு தரப்பட்டது எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது. 1984 பிப்ரவரியில் மறையும்வரை மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை நிற்கவில்லை.

நமக்கு வரும் கட்டுரைகளில் எண்கள் அழகாக இருக்கின்றன. சான்று மாதிரி மட்டும் இல்லை. பெயர் தவறென்று பின்னால் சந்தேகம் எழுந்தால், எடுத்துப் பார்க்க ஒரு உலர்தாள்கூட இருக்காது. அப்போது எண்ணும் சேர்ந்தே செத்துப்போகிறது.

ஆகவே அடுத்த இதழ் முதல், குரோமோசோம் எண்ணிக்கை தரும் ஒவ்வொரு கட்டுரையிலும் சேகரிப்பு எண், சேகரித்த இடம், மாதிரி வைக்கப்பட்ட உலர்தாவரகத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். வேரை வெட்டும் அன்றே கிளையையும் அழுத்திவிடுங்கள்.